இல்லை என்று சொல்ல வராத வாய்

ஊரை அடைத்துப் போட்டிருந்த கொரோனா காலத்தில்தான் முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டோம். எழுதியது என் ஓரகத்தி. கொழுந்தனார் சம்சாரம், அடுத்த வீடு. நான் ஐந்தாவது வரைதான். அதைவிட, நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. நடவில்கூட மற்றவர்கள் பாட, குனிந்தபடி வாயை மட்டும் அசைப்பேன்.

அப்போது நூறு நாள் வேலையும் நின்றுவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த என் மகனுக்கும் வேலை இல்லை, ஊருக்கு வர பஸ்ஸும் இல்லை. ரேஷன் அரிசி வந்தது. உப்பு, புளி, பிரஷர் மாத்திரைக்கு எங்கே போவது?

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வருகிறார் என்றதும் ஓரகத்தி எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அக்கா, ஆதரவு யாரும் உண்டான்னு கேப்பாங்க. ஒருத்தரும் இல்லீங்கன்னு சொல்லிடு."

"புள்ள இருக்கானேடி."

"இருக்கான். இப்ப அனுப்புறானா? அப்ப இல்லைன்னு சொன்னா என்ன?"

அவர் வந்து வாசலிலேயே நின்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால், முந்தானையை வாயில் வைத்தபடி. ஊரெல்லாம் நோய் திரிகிற நேரம். உசுரோடு இருக்கிற பிள்ளையை இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னது பலித்துவிட்டால்?

"மகன் இருக்கானுங்க. மாசாமாசம் அனுப்புறானுங்க. என்னை நல்லாப் பாத்துக்குறானுங்க."

ஒரு அதிகாரியிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றைக்குத்தான். எழுதிக்கொண்டு போய்விட்டார். மனு தள்ளுபடி ஆனது.

"தொறக்காத வாய் தொறந்துச்சே, இதுக்கா தொறந்துச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஓரகத்தி. சாயங்காலம் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனில்தான் மகன் கூப்பிடுவான். "முதியோர் பணம் ஆயிடுச்சாம்மா?" என்றான்.

"ஆயிடுச்சுப்பா."

"அப்பாடா. உன்ன நெனச்சுத்தாம்மா சோறே எறங்கல."

அந்த 'அப்பாடா' இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு எல்லாம் திறந்தார்கள். அவனுக்கும் கம்பெனி திறந்தது. எனக்கு மண்வெட்டி பிடிக்கிற தெம்பு இருக்கிற வரைக்கும் நூறு நாள் வேலை உண்டு. பணம் அனுப்பவா என்று கேட்டால், "எனக்குத்தான் வருதே, நீ வச்சுக்க" என்கிறேன். அம்மாவுக்குக் குறை இல்லை என்று அவனும் வருவதைத் தள்ளிப்போடுகிறான். இந்தப் பொங்கலுக்கும் லீவு கிடைக்கவில்லையாம்.

மறுபடி எழுதிப் போடலாம் என்கிறாள் ஓரகத்தி. மறுபடியும் அதே கேள்விதானே கேட்பார்கள்.

பணம் வரவே இல்லைப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பான். அவன் முகத்தைப் பார்க்கலாம். திருக்காட்டுப்பள்ளி பஸ் ஆலமரத்தடியில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வருகிறது.

நேற்றும் ஓரகத்தி போனை நீட்டினாள். நீட்டிக்கொண்டே, சொல்லு என்று கண்ணைக் காட்டினாள்.

"நல்லா இருக்கேன்பா," என்றேன். "நீ சாப்பிட்டியா?"