நாற்பத்தொன்றாம் உறுமல்

தொலைக்காட்சி நிலையத்தில் அவரைச் சத்தக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். படத்துக்கு ஒலி சேர்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம், நான்கு மாதம். மழை, கதவு, குளம்படி என்று அவர் சேகரித்த ஒலிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எங்கே, எப்போது பதிவானது, எதற்குப் பயன்பட்டது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். நாற்பத்தொன்று ஒரு கரடியின் உறுமல். மிருகக்காட்சிசாலையில் தீனி வைக்கும் நேரத்தில் பிடித்தது, ஒன்பது விநாடி.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஒரு நிகழ்ச்சி. வீரர் ஒருவர் காட்டுக்குள் போய் மிருகங்களோடு மல்லுக்கட்டி அடக்குவார். தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். வெட்டாத படம் சத்தக்காரரின் மேசைக்கு வரும்போது, மிருகத்தின் பின்னங்காலில் கம்பி கட்டியிருப்பது ஓரத்தில் தெரியும். அது உறுமாது, அழும். அழுகையை எடுத்துவிட்டு உறுமலைப் போடச் சொல்வார் இயக்குநர். முப்பத்தொரு வாரம் இவரும் போட்டார்.

ஒரு ஞாயிறு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்த அவர் மனைவி கேட்டாள்: "ஏங்க, போன வாரம் ஓநாய் உறுமினதும் இப்ப கரடி உறுமுறதும் ஒண்ணாவே இருக்கே. ரெண்டும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பியா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததைச் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அது நெஜமா என்னதான் சொல்லிச்சு?"

அன்றிலிருந்து அந்தக் கரடியின் அழுகை காதைவிட்டுப் போகவில்லை. குழாயைத் திறந்தால் கேட்டது. பேருந்து பிரேக் போட்டால் கேட்டது. முதலில் மெலிதாக, பிறகு மூச்சு வாங்கி இரண்டு முறை. வெட்டாத படத்தை எடுத்து நேரம் பார்த்தார். நாற்பத்தேழு விநாடி.

நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். கிணற்றில் போட்ட கல். இயக்குநரிடம் நேரில் சொன்னபோது அவர் தோளில் தட்டினார். "சத்தக்காரரே, அது அழுதா எவன் பாப்பான்? சேனலை மாத்திட்டுப் போயிடுவான்."

ஒளிபரப்புக்கு முன் இயக்குநர் படத்தை ஒலியில்லாமல் இரட்டை வேகத்தில்தான் ஓட்டிப் பார்ப்பார். சத்தக்காரர் கைபட்டதற்குக் காது கொடுக்கவே தேவையில்லை என்பது அவர் நம்பிக்கை. முப்பத்திரண்டாம் வாரம் மறுஒளிபரப்புக்காக அந்தக் கரடிப் படமே திரும்ப மேசைக்கு வந்தது. சத்தக்காரர் எதையும் சேர்க்கவில்லை; எதையும் எடுக்கவும் இல்லை.

அந்த ஞாயிறு புழுக்கம். எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்திருந்தது. ஏழு இருபதுக்குத் தெரு முழுக்க ஒரே நேரத்தில் அழுதது. முதலில் எதிர்வீடு அடங்கியது. பிறகு மாடிவீடு, முனைவீடு, ஒவ்வொன்றாக. கடைசியில் இவர் வீட்டில் மட்டும் கேட்டது. நிறுத்தப் போன மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தேழு விநாடியும் நின்று கேட்டார்.

மறுநாள் இயக்குநர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "கை தவறிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வேலை தப்பிச்சிரும்."

"இந்த வாரந்தாங்க சரியா வந்திருக்கு," என்றார் சத்தக்காரர். "தவறினது மத்த முப்பத்தொண்ணு."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, அந்தக் கரடி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். அதற்கெல்லாம் யார் கணக்கு வைக்கிறார்கள் என்றார் இயக்குநர்.

தெருக்காரர்கள் சிலரும் எழுதிப் போட்டார்கள் போலிருக்கிறது. மூன்று வாரம் நிகழ்ச்சி வரவில்லை. நான்காம் வாரம் வந்தது. கழுதைப்புலி. வீரர் அதன் கழுத்தைப் பிடித்ததும் உறுமல் எழுந்தது, ஒன்பது விநாடி.

"உங்களுதுதானே?" என்றாள் மனைவி.

தலையாட்டினார். சேகரித்த ஒலியெல்லாம் நிலையத்தில்தான் இருந்தது. கையோடு வந்தது நோட்டு மட்டும். அவள் ஒலியை அடியோடு குறைத்தாள். படத்தில் மிருகம் வாயைத் திறந்த போதெல்லாம் அவர் காதில் அந்தக் குரல் பிசகாமல் விழுந்தது.

நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார். தேதி போட்டு, 'முப்பத்திரண்டாம் முறை. என் கையால் அல்ல' என்று எழுதினார். சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி மூன்று சொற்களையும் அடித்தார்.