ஆளைக் கண்டால் எரியும் பல்பும் அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களும்

பல்புக் கடைக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. கரண்டு பில்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். கடையில் நின்று வியாபாரம் பார்க்கிற உங்களுக்கெல்லாம் இது தெரிந்த கஷ்டம்தான்.

நான் மலைமேல் இருக்கிற பிரிஞ்சாங் டவுனில் ஒரு மின்சாமான் கடையில் நிற்கிறேன். அதற்கு முன்னால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டினேன். மழையிலும் பனியிலும் நான் மலையில், என் மகள் ஆயாக் கொட்டகையில். இப்போது அவள் பாலர் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் படம் வரைந்துகொண்டிருப்பாள். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. அதற்காகவே இந்த வேலை எனக்கு நிலைக்க வேண்டும். படிப்பு ஆறாம் ஆண்டோடு சரி. பேச்சு அதைவிடக் குறைச்சல்.

முதலாளி சுவரில் புதுசாக ஒரு தட்டு அடித்தார். இருட்டினால் தானே எரியும் பல்பு, ஆள் நடமாடினால் எரிந்து ஆள் போனால் அணையும் பல்பு, நேரம் வைத்தால் அணைத்துவிடும் டைமர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு சுவிட்ச். எல்லாம் பில்லைக் குறைக்கிற சாமான். அதை என் பொறுப்பில் விட்டார். திரும்பி வருகிற சாமானைப் போட, கல்லாவுக்குக் கீழே ஒரு சிவப்புக் கூடையும் வைத்தார். தீபாவளிக்குள் அந்தக் கூடை நிறைந்தால் தட்டையும் எடுத்துவிடுவேன், ஆளையும் எடுத்துவிடுவேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

மூன்று மணிக்கே ராத்திரி

கூடையில் முதலில் விழுந்தது பாக்கியம் அக்காவின் பல்பு. எங்கள் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார். இருட்டினால் தானே எரியும் பல்பை வாங்கிப்போய் வாசல் கூரைக்கு அடியில் மாட்டினார். நம் ஊர் பனி தெரியுமே, மதியம் தாண்டினால் மலையிலிருந்து இறங்கி வாசலில் உட்கார்ந்துகொள்ளும். பல்புக்கு அது பனியா, பொழுது சாய்ந்ததா என்று எப்படித் தெரியும்? மூன்று மணிக்கே எரிய ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர்கள், என்னக்கா இப்பவே விளக்கு வச்சிட்டீங்க என்று கேலி செய்திருக்கிறார்கள். அக்கா பல்பைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் கூடையைத்தான் பார்த்தேன். அக்கா சொன்னார்: "தங்கச்சி, இது மலையேறிப் பழக்கமில்லாத பல்பு. இத மலையடியில தாப்பாவுக்கு எறக்கி விட்டுரு லா, அங்கதான் வெயிலு ஒழுங்கா அடிக்கும்."

புது மாப்பிள்ளையின் திருகு சுவிட்ச்

ரிங்லெட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பது கையில் கட்டிய மஞ்சள் கயிற்றிலேயே தெரிந்தது. திருகு சுவிட்சைக் காட்டி, இது எதுக்கு என்றான். வெளிச்சத்தைக் குறைக்க என்றேன். எவ்வளவு குறையும் என்றான். நல்லாக் குறையும் என்றேன். எந்த ரூம்பு என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும், என்ன பல்பு மாட்டியிருக்கிறது என்றும் கேட்டிருக்க வேண்டும். அவன் காதெல்லாம் சிவந்துபோய் நிற்க, எனக்கும் வெட்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டு பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் திருகுக்கு அதற்கென்றே உள்ள பல்பு மாட்ட வேண்டும். சாதாரணப் பல்பு மாட்டினால் அணைந்து அணைந்து எரியும். மறுவாரம் திரும்பக் கொண்டுவந்தது அவன் இல்லை, அவன் அம்மா. கடை நிறைய ஆள் இருந்த நேரம். அந்த அம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை: "எம்மவன் ரூம்புல இடி ஒண்ணுதாம்மா பாக்கி, மின்னல் தெனமும் வெட்டுது."

கங்காணி வீட்டில் அம்மன்

இது கீழ் லயத்து கங்காணியின் மனைவி செல்லம்மாக்கா கதை. பையன்கள் சாமி மேடை விளக்கை அணைக்காமல் போய்விடுகிறார்கள் என்று, ஆள் நடமாட்டத்துக்கு எரியும் பல்பை அங்கே மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை குளித்து, ஈரத் தலையோடு கண்ணை மூடிக் கும்பிட்டார். ஆள் அசையவில்லை அல்லவா, பல்பு அணைந்துவிட்டது. கையை ஆட்டினார், எரிந்தது. மறுபடி கும்பிட்டார், மறுபடி அணைந்தது. இந்தத் தடவை ஒரு கை போதவில்லை, இரண்டு கையையும் தூக்கி வீசினார்.

கங்காணி அப்போதுதான் வேலை முடிந்து உள்ளே வந்திருக்கிறார். விரித்த தலை, தூக்கிய கை, மின்னி மின்னி எரிகிற சாமி மேடை. மனிதர் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, அம்மன் வந்துட்டா என்று கத்திவிட்டார். வேப்பிலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் லயமே கூடிவிட்டது.

செல்லம்மாக்கா இதைச் சொல்லிப் பல்பை நீட்டினார். அது கூடைக்குப் போகப் போகிறதே என்ற பயத்தில் முதல் தடவையாக எனக்கு வாய் திறந்தது. அக்கா, இது நடக்கிற இடத்துக்குள்ளது, குளியலறைப் பக்கம் மாட்டுங்க, சாமிக்குச் சின்ன பல்பு போதும் என்றேன். யோசித்துவிட்டுப் பல்பைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "லைட்டுக்குத்தான் கையாட்டினேன்னு சொல்ல வெக்கமாப் போச்சு, அதனால ரெண்டு பேருக்குக் குறி சொல்லிட்டுத்தான் மலையேறுனேன்."

செவ்வந்திக்கு ஒரு நியாயம்

அதிலிருந்து யார் வந்தாலும் எங்க மாட்டப் போறீங்க என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பேன். கேட்காமல் விட்டால் கூடை நிறையும்.

லெம்பா பெர்த்தாமில் பூத்தோட்டம் வைத்திருக்கிற ஓர் அண்ணனிடம் மட்டும் கேட்கவில்லை. செவ்வந்திக் கொட்டகைக்கு அவர் டைமர் வாங்குவது வழக்கம். இரவிலும் விளக்கு போட்டால்தான் பூ அவசரப்பட்டு விரியாமல் தண்டு நீளுமாம். இந்தத் தடவை ஒன்று கூடுதலாக வாங்கினார். அதைச் சமையலறை விளக்குக்கு மாட்டி, எட்டு மணிக்கு அணைகிற மாதிரி வைத்துவிட்டார். அவர் மனைவி டைமரோடு வந்தார். கூடைக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை: "பூவு தூங்கக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் லைட்டு, நான் மட்டும் இருட்டுல சட்டி கழுவணுமா? இத அவரு டிவிக்கு மாட்டுறது எப்படின்னு சொல்லிக் குடு தங்கச்சி."

கூடையைக் கவிழ்த்த நாள்

தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி கூடையை எடுத்து மேசைமேல் வைத்தார். நிறையவில்லை. காலியாகவும் இல்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். என் மகள் படம் வரைவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இதெல்லாம் முன்னால் வந்தது, இப்போது கேட்டுத்தான் விற்கிறேன் என்று சொல்ல நினைத்தேன்.

அப்போது பாக்கியம் அக்கா உள்ளே வந்தார். நேரே கூடைக்குள் கையை விட்டுத் தன் பல்பை எடுத்தார். முதலாளி என்ன என்று கேட்க, அக்கா சொன்னதுதான் இது. அதைக் கழற்றியதிலிருந்து, பனியில் கொழுந்து வெட்டிவிட்டு இறங்குகிறவர்கள் எல்லாம் படி தெரியவில்லை, உன் வீட்டு விளக்கு எங்கே என்று கேட்கிறார்களாம். சரியென்று சாதாரணப் பல்பு போட்டால், விடிந்ததும் அதை அணைக்கிற வேலை புருசனுடையது. அவர் இதோ எழுந்திரிக்கிறேன் என்று சொல்லியே மத்தியானம் ஆகிவிடுகிறதாம். பில் முன்னைவிடக் கூடிவிட்டது. பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து வேண்டும் என்றார்.

நான் உடனே தட்டிலிருந்து பல்பை எடுக்கவில்லை. வாசலில் எங்கக்கா மாட்டுவீங்க, கூரைக்கு உள்ளேயா, படிக்கு நேராவா என்று கேட்டேன். முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்பதே மறந்துவிட்டது. அக்கா போனபிறகு அவர் கூடையை மகளிடம் கொடுத்தார்: "பாப்பா, இதுல ஒன் கலர் பென்சில போட்டு வச்சுக்க, ஒங்கம்மாவுக்கு வாய் வந்துருச்சு."

ஆக, கரண்டை மிச்சப்படுத்த எங்கள் தட்டில் எல்லாச் சாமானும் வந்துவிட்டது, புருசனை எழுப்பி சுவிட்சை அணைக்க வைக்கிற சாமான் ஒன்றைத் தவிர.