பாஸ்கலின் காரில் ஒரு சீழ்க்கை

பாஸ்கல் ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உலக யுத்தம் முடிந்து ஆட்குறைப்பு வந்ததும் என் அண்ணன் வெள்ளத்துரையிடம் டிரைவராகச் சேர்ந்தார். ஆறு வருடம் பினாங்கு, கொழும்பு, பம்பாய் என்று சுற்றிவிட்டு 1952இல் நான் திரும்பியபோது, எங்கள் வீட்டில் யாரும் அவரை முழுதாக நம்பவில்லை. அண்ணன் பெட்ரோல் டாங்கியில் குச்சி விட்டு அளந்து பார்ப்பார். அண்ணி சுகிர்தம், "அந்த ஆளு வண்டியைப் பறக்க விடுதான்" என்று பயந்துகொண்டே இருப்பார். சில வாரங்களில் அந்தச் சந்தேகக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் கார் கூவத் தொடங்கியது. எண்ணூர் சாலையில் முப்பது மைல் வேகத்தைத் தாண்டினால் போதும், பின்பக்கமிருந்து மெல்லிய சீழ்க்கை.

"எவன் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டீரு வே? எங்கயோ இடிச்சுக் கதவு கோணியிருக்கு" என்றார் அண்ணன்.

"தவக்காலத்துல எவன் மொதலாளி கல்யாணம் பண்றான்? சாமியாரு வுடமாட்டாரு."

"இந்துக்காரன் பண்ணுவாம்லா?"

"ஊர்ல கீற எல்லா கல்யாணத்துக்கும் நான்தான் வண்டி வுட்டேனா?"

"சனிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போரும்."

வேலை போனால் மறுபடி துறைமுக வாசலில் தினக்கூலிக்கு நிற்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அவர் முதுகில் யார் மூட்டை ஏற்றுவார்கள்?

புதன்கிழமை காலையில் பாஸ்கல் ஒரு குவளை மைதாப் பசையும் பழைய செய்தித்தாளுமாக வந்தார். "கூடப் போ, தங்கச்சி. என்ன செய்யுதாருன்னு பாத்துட்டு வா" என்று அண்ணன் என்னை அனுப்பினார்.

நான் பின்சீட்டில் உட்கார்ந்த பிறகு, தன் கதவை மட்டும் விட்டுவிட்டு, காரின் எல்லா இடுக்குகளையும் காகிதக் கீற்றுகளால் ஒட்டினார். எண்ணூர் வரை ஓட்டினார். சத்தமே இல்லை.

"இன்னா சொல்றே பாப்பா? ஒட்டாத என் கதவு கத்தல பாரு. அப்போ ஒட்டின ஏதோ ஒரு இடுக்குதான் கூவுது."

பேச்சில் என்னை மயக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

பிறகு ஒவ்வொரு கீற்றாகக் கிழித்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்ச தூரம் ஓட்டினார். முன்கண்ணாடி, அமைதி. வலது பின்கதவு, அமைதி. இடது பின்கதவின் மேல்விளிம்பில் இருந்ததைக் கிழித்ததும் என் காதருகே சீழ்க்கை கிளம்பியது.

வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, ரப்பர் பட்டையை நகத்தால் விலக்கினார். உள்ளே, குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தரும் ஓலையில் முடைந்த ஒரு சின்னச் சிலுவை. அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் துடித்திருக்கிறது.

"உங்க ஓலைதானே, பாஸ்கல் அண்ணே?" என்றேன் உடனே.

"எங்கூட்டு ஓலை மாதா சுரூபத்துக்குப் பின்னால கீது. இதுல கட்டிக்கீற நூலைப் பாரு."

பச்சைப் பட்டு நூல். அண்ணி தலையணை உறைகளில் பூப்போடும் அதே நூல்.

வீட்டில் சிலுவையை அண்ணன் கையில் கொடுத்தேன். அண்ணி முகம் வெளுத்தது. "உங்க நல்லதுக்குத்தான் சொருகினேன். இவரு ஓட்டுத வேகத்துக்கு வேற என்ன செய்ய?"

அண்ணன் சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாஸ்கலிடம், "முப்பதுக்கு மேல போனாத்தானே கூவும்? அப்ப நீரு வேகமாத்தான் ஓட்டியிருக்கீரு" என்றார்.

"பின்னால குந்திகினு நேரமாச்சு நேரமாச்சுன்னு கத்தினது யாரு மொதலாளி?"

அண்ணியே சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை, சாவியையும் கேட்கவில்லை. பாஸ்கல் சிலுவையை வாங்கி முன்கண்ணாடிக்கு உள்பக்கம், காற்றுப் படாத மூலையில் செருகினார்.

சனிக்கிழமை கார் சத்தமில்லாமல் ஓடியது. திருவொற்றியூர் தாண்டும்வரை அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"என்ன வே, ஒரு சத்தத்தையும் காணோம்?" என்றார் கடைசியில். "வேற எதையும் கழட்டினீரோ?"