ஜீவரத்தினம் சொல்லாத ஒரு வார்த்தை

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தைத் தாண்டியிருந்த ஒரு சின்ன அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜீவரத்தினம் எம்.ஏ. முடித்தான். முடித்தும் போகவில்லை. ஹாஸ்டல் அறை கைவிட்டுப் போகாதிருக்க, வருஷத்துக்கொரு சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்துகொண்டான். காந்தியச் சிந்தனை, தெலுங்கு என்று எதிலும் புத்தகத்தைத் தொட்டதில்லை. மெஸ் சாம்பாரைத் திட்டித் திட்டியே தொப்பை வளர்த்தான்.

புதிதாகச் சேர்ந்த யேசுதாசன் பொழிச்சலூரில் அத்தை வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொண்டிருந்தான். மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள் அத்தை.

"இன்னாத்துக்கு தம்பி பேஜாரு? நான் ஒரு வார்த்த சொன்னா ரூம் உனுக்குத்தான்" என்றான் ஜீவரத்தினம். அந்த ஒரு வார்த்தைக்காக யேசுதாசன் தினமும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தான்.

பொறுமையிழந்து ஒருநாள் வார்டனையே கேட்டான்.

"ரூம் இல்லப்பா. அந்த ஜீவரத்தினம் காலி பண்ணா, அடுத்தது நீதான்."

டீக்கடைக்குத் திரும்பினான். "அண்ணா, நீங்க சொன்னது நிஜம்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுமாம்."

"பாத்தியா! இன்னா வார்த்தையாம்?"

"'போறேன்'னு சொல்லணுமாம். 'போயிட்டு வரேன்' கூடாதாம்."

ஜீவரத்தினம் சிரிக்கவில்லை. "ஜூன்ல ஜெர்மன் கோர்ஸ் சேர்றேன் தம்பி. இன்னொரு டீ சொல்லு."

யேசுதாசன் தன் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, வேறு ஜாகை தேடி நடந்தான்.