தலைகீழ்க் கப்பல்

இன்று மகள் ஏறிய ராட்டினத்தின் கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது. மனமோ, இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் அந்தப் பழைய பினாங்கு பெஸ்தா பொருட்காட்சித் திடலுக்குப் போய்விட்டது. அங்கே தலைகீழாகச் சுழலும் கப்பலில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆண்டுதோறும் எங்கள் வீட்டுச் செருப்புகளுக்குக் காவல் நான்தான்.

"நீதான் பயந்தாங்கொள்ளியாச்சே, பாத்துக்க லா," என்று அண்ணன் சிரித்த ஒரு மாலை, என் செருப்பையும் அந்தக் குவியலில் எறிந்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கப்பல் ஆடி ஆடி உயர்ந்து, உச்சியில் கவிழ்ந்து அப்படியே நின்றபோது, திடலின் விளக்குகளும் மீ கோரெங் வறுக்கும் கடைப் புகையும் என் தலைக்குக் கீழே கிடந்தன.

"தங்கச்சி, கைய விட்டுறாத!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினான் அண்ணன்.

நான் மூடவில்லை. கப்பலை ஓட்டியவரைப் பார்த்துக் கத்தினேன்: "இன்னொரு ரவுண்டு, அங்கிள்!"