வயோமிங் கதை சொல்ல மன்னாருக்குப் போனேன்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு யாழ்ப்பாணத்தில் மன்னார் பஸ் ஏறினேன். ரிக்கற் நானூற்று எண்பது ரூபா. தூரம் நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். மடியில் கிடந்த தடித்த கொப்பியைக் கண்ட கொண்டக்டர், "என்ன ரீச்சர், பேப்பர் திருத்தவோ?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. அமெரிக்காவில வயோமிங் எண்டு ஒரு இடம். அதின்ர சரித்திரம்."

"அதுக்கு ஏன் மன்னார் பஸ்ஸில ஏறினனீங்கள்?"

நியாயமான கேள்விதான். நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவள். நாலு வருடமாக வயோமிங் ஒரு மாநிலமாக ஆவதற்கு முந்திய காலத்தைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு அத்தியாயம் முடிந்தது. இதுவரை வாசித்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒராள் நான். மற்றவள் ஜெசிந்தா. ஆசிரியர் கலாசாலை விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சீலனைக் கலியாணம் முடித்து, மன்னார்த் தீவில் கருவாடு போடுகிறாள். போன கிழமை தொலைபேசியில் வந்து, "எடி, உன்ர வயோமிங்கைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை இஞ்ச வா" என்று கட்டளை போட்டாள். என் புத்தகத்துக்கு ஒரு ஊரே காது கொடுக்கப்போகிறது என்ற சந்தோசப் புளுகத்தில், ஏன் எதற்கு என்று கேட்கவே மறந்துபோனேன்.

சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, வெள்ளாங்குளம். இலுப்பைக்கடவையில் பத்து நிமிடம் நிற்பாட்டினார்கள். பிளேன்ரீயும் உளுந்து வடையும் நூற்று நாற்பது ரூபா. வடை முந்தநாள் சுட்டது, சந்தேகமே இல்லை. தள்ளாடிச் சந்தி தாண்டிப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், தூரத்தில் காற்றாடிக் கோபுரங்கள், யன்னலால் உப்புக் காற்று. பட்டினத்தில் இறங்கியபோது மணி பத்தேகால். ஓட்டோக்காரர் ஆயிரம் கேட்டார், எண்ணூறுக்கு வந்தார். தாழ்வுபாடு தாண்டி இன்னும் கொஞ்சம் போகவேண்டும். "ஊரின்ர பேரை மட்டும் எழுதிப்போடாதை, பிறகு எனக்கு இஞ்ச இருக்கேலாது" என்று ஜெசிந்தா சொல்லியிருப்பதால் ஊரின் பெயர் இல்லாமலே மேலே போகிறேன்.

கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, அதற்குப் பிறகுதான் விசயத்தைச் சொன்னாள். அவளுடைய வீட்டுக்கு முன்னால், கரையோரம் ஒரு நீட்டு மணல்திட்டு. இரண்டு பக்கமும் காற்று அடிக்கும் இடம். இருபத்தைந்து முப்பது பெண்கள் அதில்தான் நெத்தலியும் கட்டாவும் காயப்போடுகிறார்கள். மீனவர் சங்கத்துக்கு ஒரு ஐஸ் அறை கட்டக் காசு வந்திருக்கிறது. அதை அந்தத் திட்டிலேயே கட்டினால் வள்ளத்துக்குக் கிட்ட என்று ஆண்கள் சொல்கிறார்கள். றோட்டுக்கரையிலும் சங்கத்துக்குக் காணி இருக்கிறது, ஆனால் முந்நூறு மீற்றர் நடக்கவேண்டும்.

"திட்டுப் போனால் நாங்கள் றோட்டுக்கரையிலதான் காயப்போட வேணும். புழுதி, நாய், அதோட உந்தக் கழுதையள்" என்றாள். மன்னார்க் கழுதைகள் வீதியை ஆண்டு அனுபவிப்பவை. இந்தக் கதை நடக்கும்போதே ஒன்று வாசலில் நின்று என் பையை மணந்து பார்த்தது.

"கூட்டத்தில வேண்டாம் எண்டு கை தூக்குங்கோவன்."

"ஒரு வீட்டுக்கு ஒரு கை. அதுவும் கடலுக்குப் போறவன்ர கை. நாங்கள் பின்னுக்கு நிண்டு பிளேன்ரீ குடுக்கலாம்."

அப்போதுதான் அவள் என்னைக் கூப்பிட்ட காரணம் வெளித்தது. கள்ளி!

பின்னேரம் நாலு மணிக்கு வலைக் கொட்டிலில் ஐம்பது அறுபது பேர் கூடினார்கள். முன் வரிசையில் சங்கத் தலைவர் பெஞ்சமின் அண்ணை, பக்கத்தில் சீலன் அண்ணை. நான் தொடங்கினேன். 1868இல் வயோமிங் மாநிலமல்ல, வெறும் ஆட்சிப்புலம். ஆளுநரை மேலிடம் அனுப்பும், சனாதிபதித் தேர்தலில் அங்குள்ளவர்களுக்கு வாக்கு இல்லை.

"அப்ப எங்கட மாகாணம் மாதிரி. ஆளுநர் மட்டும் வருவார், தேர்தல் வராது" என்றார் பெஞ்சமின் அண்ணை. கொட்டில் சிரித்து அடங்க இரண்டு நிமிடம் எடுத்தது.

குளிரும் காற்றும் தண்டவாளமும்தான் அந்த ஊர். ஆறு ஆணுக்கு ஒரு பெண்ணும் இல்லை. அடுத்த வருடம் கூடிய முதலாவது சட்டசபையில் ஒரு சாராயக்கடைக்காரர் எழும்பி, பெண்களுக்கும் வாக்குக் கொடுக்க வேண்டுமென்று பிரேரணை வைத்தார். சிலர் நீதியென்று கை தூக்கினார்கள், சிலர் பெண்கள் குடியேற வருவார்களென்று தூக்கினார்கள், சிலர் ஆளுநர் எப்படியும் மறுப்பார்தானே என்று பகிடிக்குத் தூக்கினதாகவும் கதை. ஆளுநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வருடம் எழுபது வயதை எட்டிய ஒரு அம்மா, பாண் புளிக்க வைக்கும் ஈஸ்ற் வாங்க வாளியோடு கடைக்குப் போகும் வழியில் நின்று, பெண்களில் முதலாவது வாக்கைப் போட்டுவிட்டுத் தன்பாட்டில் போனார். வாளிக் கதை பெண்களுக்கு நல்லாய்ப் பிடித்தது. "வாளியை ஆர் பிடிச்சுக்கொண்டு நிண்டது?" என்று பின்னாலிருந்து ஒரு கேள்வி.

சீலன் அண்ணை கை உயர்த்தினார். "ரீச்சர், அந்த இடத்தில முந்தியே ஆக்கள் இருந்திருப்பினம்தானே. அவைக்கும் வாக்குக் குடுத்தவையோ?"

"இல்லை அண்ணை. சொசோனி, அரபாகோ எண்டு பழைய சனங்கள். அவையின்ர நிலம் அது. அவைக்குக் குடுக்கேல்லை."

"அப்ப அரைவாசிக் கதைதான் நல்ல கதை" என்றார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த மனிதர், நிலம் என்றதும் அவருக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. பன்னிரண்டு அத்தியாயத்தில் நான் அந்தச் சனங்களுக்குக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். வெட்கமாய்ப் போய்விட்டது.

ஐஸ் அறையைத் தீர்மானிக்க ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நடக்கவேண்டிய சங்கக் கூட்டம் நடக்கவில்லை. மண்டபத்தில் பிள்ளைகளின் மறைக்கல்விப் போட்டியாம். போட்டியை வைத்த மறையாசிரியர் யாரென்று பார்த்தால், நம்முடைய ஜெசிந்தா! கூட்டம் செவ்வாய் பத்து மணிக்குத் தள்ளிப்போனது. பள்ளிக்கூட விடுமுறைதானே, நானும் நின்றுகொண்டேன்.

பூசையால் வீட்டுக்கு வரும்போது ஜெசிந்தா காதுக்குள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள், அதனால் கூட்டத்துக்கு ஆண்கள் எல்லாரும் வருவார்கள். கிழமை நாளில் என்றால், கடலுக்குப் போனவனுடைய கையை அவனுடைய மனுசி தூக்கலாம். அது அந்தக் கரையின் பழைய வழக்கம். மூன்று நாள் அடித்த காற்று விட்டிருந்தது, வலையில் நண்டு படத் தொடங்கிவிட்டது. செவ்வாய் ஆர் கூட்டத்துக்கு நிற்கப்போகிறார்கள்?

திங்கட்கிழமை அந்தச் சந்தோசத்தில் என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கட்டுக்கரைக் குளம் காட்டப் போனாள். குளக்கட்டில் நின்றால் மறுகரை தெரியவில்லை, கீழே கண் எட்டிய மட்டும் வயல். கச்சான் கடலை கொறித்தபடி, எந்தெந்த வீட்டுக்காரி எப்படித் தூக்குவாள் என்று விரல் மடித்து எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபத்தைந்து வந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சீலன் அண்ணை தலை நிமிராமல் சொன்னார்: "நாளைக்கு நான் கடலுக்குப் போறன். என்ர கையை ஐஸ் அறைக்குத் தூக்கு. திட்டில கட்டச் சொல்லித் தூக்கு. போன கிழமை ஐஸ் இல்லாமல் எத்தினை கிலோ அழுகினது எண்டு உனக்குத் தெரியும்."

ஜெசிந்தா ஸ்கூட்டித் திறப்பை ஆணியில் மாட்டினாள். பிறகு "ஓம்" என்றாள்.

விடிய அடுப்படியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாயிருந்தது. "பேசாமல் வேண்டாம் எண்டு தூக்கு, அந்த மனுசன் என்ன கடலுக்குள்ள இருந்து பார்க்கப்போகுதோ?" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. நான் ஒருத்தி மாத்தித் தூக்கினால், இனி இந்தக் கரையில ஒருத்தனும் மனுசியை நம்பிக் கையைக் குடுக்கமாட்டான். உள்ளதும் போயிடும்." தேங்காய்ப்பூவைப் பிழிந்த பிழியில் சட்டி ஆடியது. "தூக்கினால் திட்டுப் போகுது. தூக்காட்டில் சொல்லுப் போகுது." நாலு வருடம் பெண் வாக்குரிமை படித்த நான் சட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய் பத்து மணி. மண்டபத்தில் முப்பத்துநாலு வீட்டுக்கு ஒன்பது ஆண்கள், இருபத்தைந்து பெண்கள். பெஞ்சமின் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பெண்கள் குறையவில்லை. வழக்கத்தை மறுக்கவும் முடியாது, ஒவ்வொரு வீடாய்க் கூப்பிடத் தொடங்கினார். முதல் ஐந்து வீடும் ஆண்கள், ஐந்தும் திட்டில் கட்டச் சம்மதம்.

"சீலன் வீடு!"

ஜெசிந்தா எழும்பினாள். வலது கையைத் தூக்கினாள். "இது சீலன்ர கை. திட்டில கட்டச் சம்மதம்."

பெண்கள் பக்கம் ஒரே குசுகுசுப்பு. ஒருத்தி "யேசுவே, உவளே இப்பிடிச் செய்தால்!" என்று வாய்விட்டுச் சொன்னாள். 

வலது கையை இறக்காமல் இடது கையையும் தூக்கினாள். "இது என்ர. எனக்குச் சம்மதமில்லை."

"பிள்ளை, ஒரு வீட்டுக்கு ஒரு கைதான்" என்றார் பெஞ்சமின் அண்ணை.

"ஓம் அண்ணை, ஒண்டைத்தான் எண்ணுங்கோ. சீலன்ரயை எண்ணுங்கோ. மற்றதை எண்ணச் சொல்லி நான் கேக்கேல்லை. கண்ணால ஒருக்காப் பாருங்கோ எண்டுதான் கேக்கிறன்."

 அடுத்த வீட்டுக்காரியும் இரண்டு கையோடுதான் எழும்பினாள். அதற்கடுத்தவளும் அப்படியே. ஒருத்தி கைக்குழந்தையைப் பக்கத்தில் இருந்த கிழவரின் மடியில் வைத்துவிட்டு இரண்டையும் தூக்கினாள். எண்ணிக்கை முடிய ஐஸ் அறை திட்டில்தான் என்று கணக்குச் சொன்னது. மண்டபம் முழுக்க எண்ணாத இருபத்தைந்து இடது கைகள் அப்படியே நின்றன. என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவுமில்லை.

பெஞ்சமின் அண்ணை கூட்ட அறிக்கைக் கொப்பியில் பேனையை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். "கண்டதைக் காணேல்லை எண்டு எழுத எனக்கு ஏலாது" என்றார் கடைசியில். சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒரு வீட்டுக்கு ஒரு கை என்று அதில் எங்கேயும் இல்லை. இவ்வளவு காலமும் இருக்கிறதென்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "வாற ஞாயிறு பூசை முடியத் திரும்ப எடுப்பம். கரையில வேலை செய்யிற ஆரும் தன்ர கையைத் தான் தூக்கலாம். மறுப்பு இருக்கோ?"

குழந்தையை வைத்திருந்த கிழவர், "முதல் இந்தப் பிள்ளையை ஆராவது வாங்குங்கோ, என்ர சாரம் நனைஞ்சுபோச்சு" என்றார். வேறு மறுப்பு இருக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு வள்ளங்கள் வந்தன. கரை முழுக்க இதே கதை என்பதால் சீலன் அண்ணைக்குக் காலில் மணல் படமுன்னமே செய்தி போய்விட்டது. நண்டுக் கூடையை முற்றத்தில் வைத்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"என்ர கையை என்ன செய்தனி?"

"நீங்கள் சொன்னபடி தூக்கினனான்."

"மற்றக் கை?"

"அது என்ர."

அந்த மனிதர் கடலைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். இந்த ரீச்சரின் வேலைதான் இது என்று நினைத்திருப்பார். "அப்ப ஞாயிறு மட்டும் வீட்டில சண்டைதான். றோட்டுக்கரையில கட்டினால் மீன்பெட்டியை ஆர் தூக்கிறது?"

"தள்ளுவண்டில் ஒண்டு அடிப்பம்."

"மணலில உருளுமோ அது?"

"பெரிய சில்லுப் போட்டால் உருளும்."

"சரி, முதல் சோத்தைப் போடு. வெறும் வயித்தோட உன்னோட கதைக்கேலாது."

நண்டுக் கறி அள்ளிச் சாப்பிட்டேன். மூன்று மணி பஸ்ஸுக்கு நான் வெளிக்கிட்டபோது இருவரும் முற்றத்து மணலில் ஈர்க்குக் குச்சியால் சில்லின் அளவு கீறிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை காட்டக்கூட இரண்டு பேருக்கும் நேரமில்லை.

பஸ் வெள்ளாங்குளம் தாண்டும்போது என் கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஞாயிற்றுக்கிழமை எங்கட ஒழுங்கைத் தெருக்காரரின்ர கூட்டம். வெள்ளவாய்க்கால் எந்தப் பக்கத்தால வெட்டுறது எண்டு. வழக்கம்போல நான் போயிட்டு வாறன்."

"எந்தப் பக்கத்துக்கு நிக்கப்போறீங்கள்?"

"கிழக்குப் பக்கம் எண்டு போன கிழமையே சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டனீங்கள்?"

 "ஒருத்தரையும் கேக்கேல்லை" என்றார். கோபம் அவரில் வரவில்லை, என்னில்தான் வந்தது. வயோமிங்கின் முதல் பெண் வாக்காளர் கையில் வாளி வைத்திருந்தது தெரிந்த எனக்கு, ஆறு வருடமாய் இருக்கிற ஒழுங்கையில் மாரிக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறதென்று யோசித்துத்தான் சொல்லவேண்டியிருந்தது. யோசித்தேன். மேற்குப் பக்கம்.

"ஞாயிறு நானும் வாறன். உங்களுக்கு எதிராத்தான் கதைப்பன், கோவிக்காதேங்கோ" என்றேன்.

ஞாயிறு மத்தியானம் ஜெசிந்தா அழைத்து, மூச்சு வாங்க, ஐஸ் அறை றோட்டுக்கரைக்குப் போய்விட்டது என்றாள், மூன்று கை வித்தியாசத்தில். சீலன் அண்ணை கடைசிவரை எதிராகத்தான் தூக்கினாராம், இப்போது வண்டிலுக்குப் பலகை சீவுகிறாராம். எங்கள் ஒழுங்கையில் நான் தோற்றுப்போனேன், என் கணவர் வென்றுவிட்டார். சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். அந்த ஞாயிறு வரைக்கும் எங்கள் ஒழுங்கையில் தோற்பதற்குக்கூட எனக்கு ஒரு கை இருந்ததில்லை.