பசை குடித்த சவர்க்காரம்

கண்ணாடிக் குழாயின் நுனியில் ஒரு சொட்டு, விழ மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஹாலிஎலைக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய ஆய்வறையில் நாங்கள் இருவர் தற்காலிக உதவியாளர்கள். நிரந்தர வேலை ஒன்றுதான் இருந்தது. மற்றவள் யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட இளையவள். அவளிடம் நான் பொறாமைப்பட்டவை மூன்று: கேட்காமலே அவள் மேசைக்கு முதலில் வரும் தேநீர், அவள் பேசினால் ஆய்வறை ஐயா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரும் விதம், எதற்கும் பதறாத அவளுடைய சிரிப்பு.

அந்த மழைக்காலத்தில் கொப்புள நோய் கொழுந்தைத் தின்றுகொண்டிருந்தது. செம்பு மருந்து இலையில் பரவுவதற்குச் சவர்க்காரத் திரவமும், மழையில் கழுவிப் போகாதிருக்கப் பசைத்தூளும் சேர்த்தோம். தனித்தனியே இரண்டும் நல்லவை. ஒன்றாகச் சேர்த்தால் மருந்து இலையில் நிற்காமல் உருண்டோடியது. காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கே வேலை என்று ஐயா சொல்லாமல் சொன்னார். சவர்க்காரம் கூடக்கூடக் குழாய் நுனியில் தொங்கும் நீர்ச்சொட்டு சிறுக்க வேண்டும்; சொட்டு சிறுத்தால்தான் மருந்து இலையில் பரவும். பசை கரைந்த நீரில் அது ஓரளவு சிறுத்தது. பிறகு எவ்வளவு சவர்க்காரம் விட்டாலும் அப்படியே நின்றது. இன்னும் விட்டபோது மறுபடி சிறுத்தது. நாட்கணக்கில் அளந்து வரைபடம் போட்டேன். கோட்டின் நடுவில் ஒரு சமவெளி. அந்த இடத்தில் சவர்க்காரம் பசையின் நீண்ட இழைகளில் கொத்துக் கொத்தாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, இழைகளில் இடம் தீர்ந்த பிறகே மீதி நீரின் மேற்பரப்புக்கு வருகிறது என்று கண்டுகொண்டேன்.

அதை ஐயாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பசை முதல்ல குடிக்குது, ஐயா. அது குடிச்சு முடிஞ்சாப் பிறகுதான் இலைக்கு மிச்சம். என்னக்கா, சரிதானே?"

சரிதான். ஐயா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதைத்தானோ நீர் இவ்வளவு நேரமும் சொன்னனீர்?"

மடுல்சீமைத் தோட்டத்தில் மருந்து தெளிப்பதைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். கங்காணி பீப்பாயைக் கலக்கியபடி எனக்கே பாடம் நடத்தினார். "பசை குடிச்சு முடியிற வரைக்கும் சவுக்காரம் ஊத்தணுங்க. சின்ன மிஸ் சொல்லி விட்டாங்க. நீங்க புதுசுங்களா?" இலைகள் நுனிவரை நனைந்து பளபளத்தன. மழை வந்தும் மருந்து நின்றது. அந்த மாதமே வேலை அவளுக்குக் கிடைத்தது.

இப்போது பதுளையில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பரப்பிழுவிசைப் பாடம் வரும்போது என் வரைபடத்தைக் கரும்பலகையில் போடுகிறேன். பிள்ளைகள் விழிக்கிறார்கள். வேறு வழியில்லாமல் அவள் சொன்னதைச் சொல்கிறேன். உடனே புரிந்துவிடுகிறது. இப்படிச் சொன்னது யார் என்று கேட்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி என்கிறேன். பார்க்காமலே, அவர்களுக்கும் அவளைப் பிடித்துப்போகிறது.